கைநாட்டு

ஸோம்பாவில் நாலு வருஷம் இறையியல் படித்தவன் நான்.
கிருபைக்குக் கிரேக்கத்தில் என்ன சொல்,
எந்த வேற்றுமையில் எப்படித் திரியும் என்று
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
இதுவரை யாரும் எழுப்பிக் கேட்டதில்லை.

இங்கே, ந்கோட்டகோட்டா ஏரிக்கரையில்,
தகரக் கூரைச் சபையின் இடப்பக்க பெஞ்சில்
காது கேளாதவர்கள் ஐந்து பேர்.
மழை விழும்போது மற்றவர்களுக்கும்
என் பிரசங்கம் கேட்காது;
அந்த நேரம் மட்டும் எல்லாரும் சமம்.

ஐவருக்காக லிலோங்வேயிலிருந்து
படம் போட்ட தாள் ஒன்று வாங்கிவந்து
கண்ணாடி முன் ஒரு வாரம் பழகினேன்.
கிருபை: மேலிருந்து இறங்கும் கை
விரல் மடங்கி நெஞ்சில் சேர வேண்டும்.
அழகாகவே செய்தேன். சபையார் வியந்தார்கள்.
நானும் வியந்தேன், கொஞ்சம் கூடுதலாக.

முப்பத்தோரு ஞாயிறு
மடக்கி மடக்கி நெஞ்சில் வைத்தேன்.
முப்பத்தோரு ஞாயிறும்
மீன் விற்கும் தியோங்கே
ஆராதனை முடிந்ததும் வந்து
செய்தித்தாளில் சுற்றிய உசிப்பாக் கருவாட்டை
என் கையில் வைத்துவிட்டுப் போவாள்.
அன்பின் காணிக்கை என்று வாங்கிக்கொண்டேன்.
தக்காளி போட்டு வதக்கி
ந்சிமாவோடு தின்றேன்.
சின்ன மீன். முள்ளையும் சேர்த்தே தின்னலாம்.

அடுத்த ஞாயிறு கொடுத்துவிட்டு அவள் போகவில்லை.
படியோரம் குந்தி
மணலில் கோடு கிழித்தாள்.
முப்பத்திரண்டு கோடு.
வானத்தைக் காட்டினாள்.
நெஞ்சில் மடங்கிய கை: என் கிருபை.
பிறகு விரித்த உள்ளங்கை, உயர்ந்த புருவம்.
இன்னும் எவ்வளவு?

எனக்கு விளங்கவில்லை.
சைக்கிள் பழுது பார்க்கும் லிம்பிகானி
ஒரு நோட்டை என் கையில் திணித்து
என் விரல்களை அவனே மடக்கி
என் நெஞ்சில் ஒரு குத்து விட்டான்.
கடைக்காரனின் சைகை. கரை முழுக்க அறிந்த சைகை.
கடன்.

எட்டு மாதமாய் நான்
பாக்கிக்காரர்களே, பாக்கிக்காரர்களே என்று
பீடத்திலிருந்து கூவியிருக்கிறேன்.
அவள் தவணை கட்டியிருக்கிறாள்.
நான் அதைத் தின்றிருக்கிறேன்.

முதலில் வந்தது வெட்கமில்லை,
தாளை அச்சிட்டவன் மேல் கோபம்.
ஓடிப்போய் எடுத்துவந்து காட்டினேன்:
பார், படத்தில் இப்படித்தானே இருக்கிறது!
அவள் படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
தாளின் நீள அகலத்தை அளந்து
இதில் மீன் சுற்றலாம் என்று காட்டினாள்.

அப்போதுதான் மணலில் உட்கார்ந்தேன், வெள்ளை அங்கியோடு.
சபைப் பதிவேட்டில்
அவள் பெருவிரல் உருட்டிய அன்று
மனசுக்குள் நான் சொன்ன சொல் ஒன்று உண்டு.
அது ஊரெல்லாம் சுற்றிவிட்டு
என்னிடமே வந்து நின்றது.
கைகள் பேசும் இடத்தில்
கைநாட்டு நான்தான்.

கோடுகளை உள்ளங்கையால் அழித்தேன்.
பதறி என் மணிக்கட்டைப் பிடித்தாள்:
கட்டியதெல்லாம் போயிற்றா?
பதில் சொல்ல என்னிடம் சைகை இல்லை.
சொல்லிக்கொடு என்பதற்கும் இல்லை.
இரண்டு கைகளையும் அவள் முன் நீட்டினேன்,
அழுக்கைக் காட்டும் பிள்ளை மாதிரி.

வெகுநேரம் யோசித்தாள்.
படகைக் காட்டினாள். வலை. பங்கு பிரித்தல்.
வலை இழுக்காமல் சும்மா நின்றவனுக்கும்
போகிறபோக்கில் எறிவார்களே ஒரு மீன்,
அது.
ஒரு கை உதறிவிட்டுத் திரும்பிப் பாராமல் போகும்.
மறு கை விரிந்தே கிடக்கும்.

செய்தேன். கடைசியில் விரல் மடங்கியது.
மொழியில் அடித்தாள்.
மறுபடி மடங்கியது.
லிம்பிகானியின் சிரிப்பு ஏரிவரை கேட்டது,
அவனைத் தவிர எல்லாருக்கும்.

மறு ஞாயிறும் பொட்டலத்தோடு வந்தாள்.
வேண்டாம், பாக்கியே இல்லை என்று
தலையை ஆட்டினேன், கையை ஆட்டினேன்.
அவள் நிதானமாகப் புதுச் சைகையைச் செய்தாள்,
எனக்கு.

வாங்கினேன்.
என் விரல்களைப் பார்த்தாள்.
விழுந்துவிடாமல் பிடித்தேன் என்று
எந்தச் சைகையில் சொல்ல?
ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினாள்,
சுண்டுவிரலிலிருந்து.